கவுண்டரில் இரண்டரை வயசு, கொலம்பஸில் ஆறு வயசு

கோடை விடுமுறைக்கு எங்கள் ஊர் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், குடும்பத்தோடு போய் வந்தோம். ஊர் பெயரையும் நடத்துகிறவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொல்லியும் பெரிய பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் இந்த மாதம் இங்கே நிற்கிற ஜெயன்ட் வீலும் கொலம்பஸ் என்கிற ஊஞ்சல் கப்பலும் அடுத்த மாதம் லாரி ஏறி வேறு ஊரில் நிற்கும். முகப்பில் தாஜ்மஹாலையோ ஈஃபில் டவரையோ பிளைவுட்டில் கட்டி சீரியல் லைட் போட்டிருப்பார்கள், உள்ளே போனால் எல்லா ஊரிலும் ஒரே சரக்குதான். அதனால் உங்கள் ஊருக்கு வந்திருப்பதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நன்றாக இருக்கிறது, பணம் பறக்கும், கால் வலிக்கும். நான் எழுத வந்தது அதற்காக இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லா சைஸிலும் ஆள் இருந்தது. நாத்தனாரின் இரண்டரை வயசுப் பையன், எங்கள் சின்னவனுக்கு ஐந்து, பெரியவளுக்கு ஒன்பது, அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று (மீசை அரும்புகிற வயசு, எதற்கும் 'தெரியும் அத்தை' என்பான்), இவர்களுக்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் வாங்கித் தருவதற்கென்றே வந்த மாமனார். ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு தீனிக்கடைக்கு முன்னாலும் ஒரே கேள்விதான்: இது இவனுக்கு இப்போது சரியா, இல்லை இன்னும் இரண்டு வருஷம் போகட்டுமா? அதற்கு உதவுகிற மாதிரி மைதானம் முழுக்க ஒரு போர்டுகூட இல்லை என்பதுதான் என் முதல் குறை.

வயசு என்று எழுதியிருந்த ஒரே போர்டு நுழைவு டிக்கெட் கவுண்டரில் இருந்தது. மூன்று வயசுக்கு மேல் டிக்கெட் கட்டாயமாம். அது குழந்தையின் நன்மைக்காக எழுதினது இல்லை, கல்லாவுக்காக எழுதினது. எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் பையனுக்கு இரண்டரை வயசு என்றார், பையன் உடனே நாலு விரலைக் காட்டி "எனக்கு நாலு" என்றான், கவுண்டர்காரர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். அதே மனிதரை அரை மணி நேரம் கழித்து கொலம்பஸ் வரிசையில் பார்த்தேன். "ஆறு வயசு ஆகுதுப்பா, ஆளுதான் பாக்க சின்னவனா இருக்கான்" என்று ஆபரேட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தாலும் நாம் எல்லோரும் செய்வதுதான் இது. அரசுப் பேருந்தில் ஐந்து வயசு வரை டிக்கெட் இல்லை என்று 2022-ல் அறிவித்த பிறகு எத்தனை பிள்ளைகள் நாலரை வயசிலேயே ரொம்ப நாள் நிற்கிறார்கள் என்று கண்டக்டர்களைக் கேட்டால் தெரியும். ரயிலில் ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் பெர்த் கேட்காதவரை அரை டிக்கெட், அங்கேயும் பதின்மூன்று வயசுப் பையன் கொஞ்சம் குனிந்துகொள்வான்.

பெரிய தீம் பார்க்குகளில் இந்தத் தலைவலி பாதிதான். சவாரி வாசலில் ஒரு அளவுகோல் நிறுத்தி, 140 சென்டிமீட்டர் என்றோ 120 என்றோ கோடு போட்டிருப்பார்கள். தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் அழுதாலும் புரண்டாலும் ஏற்ற மாட்டார்கள். பிள்ளையின் கோபமும் அந்தக் கம்பத்தின் மேல் போய்விடும், நாம் தப்பித்தோம். சினிமாவில்கூட 2024-ல் வந்த புது விதிகளில் யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அது பெற்றோருக்கான குறிப்புதான், தியேட்டர் வாசலில் யாரும் தடுக்கப்போவதில்லை, பெரியவர்களுக்கு மட்டும் என்கிற ஏ சான்றிதழ்தான் சட்டப்படி கறார். ஆனாலும் போஸ்டரில் ஒரு எண் இருந்தால் வீட்டில் பேசிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கிறது. பொருட்காட்சியில் கம்பமும் இல்லை எண்ணும் இல்லை, ஆபரேட்டர் தம்பி மட்டும் இருக்கிறார். அவரிடம் கேட்டால் எந்தக் குழந்தைக்கும் எந்த ராட்டினத்துக்கும் ஒரே பதில்தான்: "ஒண்ணும் ஆகாதுக்கா, மடியில வச்சுக்கோங்க."

இந்த 'மடியில வச்சுக்கோங்க' தான் எனக்கு ஆகாத வார்த்தை. கொலம்பஸ், டிராகன் ரயில் மாதிரியானவற்றில் ஒரு சீட்டில் இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்பியை இறக்குவார்கள். அந்தக் கம்பி எங்கே போய் நிற்கும்? இருக்கிறவர்களிலேயே பெரிய தொடை யாருடையதோ அங்கே. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் அவர் தொடையில் தட்டி நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிற ஐந்து வயசுப் பையனுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணை நுழைகிற இடைவெளி இருக்கும். கம்பி இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், பிள்ளைக்கு அது இல்லை. மடியில் வைத்தால் இன்னும் மோசம், வேகமாகத் தூக்கிப் போடும்போது நம் கை பிடிக்கிற பிடி எவ்வளவு என்று நமக்கே தெரியாது. சின்னவனை அதில் ஏற்றவில்லை. அழுதான். நன்றாகவே அழுதான், பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ சித்தி என்று நினைத்திருப்பார்.

ராட்டினத்துக்கு நான் வயசு பார்ப்பதில்லை. முதுகு சீட்டில் ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் சீட் விளிம்பில் மடங்க வேண்டும், கம்பி அவனுடைய மடிக்கு வர வேண்டும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இது உடம்புக்கான கணக்கு. இன்னொன்று, நான் 'எழுந்திருக்காதே' என்றால் மூன்று நிமிஷம் எழுந்திருக்காமல் இருப்பானா என்பது. இதை முன்கூட்டியே பார்த்துவிடலாம், பார்பர் நாற்காலியில் எப்படி உட்காருகிறான் என்று பார்த்தால் போதும். பெரியவளுக்கு ஆறு வயசிலேயே இது வந்துவிட்டது, சின்னவனுக்கு எட்டு ஆகும் போலிருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தான்.

ஜெயன்ட் வீல் கொஞ்சம் வேறு கதை. அதன் வேகம் பயமில்லை, நிற்பதுதான் பயம். ஆள் ஏற்ற, இறக்க என்று ஒவ்வொரு பெட்டியாக நிறுத்துவார்கள், நாம் உச்சியில் இருக்கும்போது கீழே யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பெட்டியின் கதவு ஒரு சங்கிலி, அதன் நுனியில் ஒரு கொக்கி, கொக்கி கழன்றுவிடாமல் இருக்க ஒரு பின். அந்தப் பின் எங்கள் பெட்டியில் சரியாக இருந்தது, முன்னால் போன பெட்டியில் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். நான் அதைக் காட்டியதும் ஆபரேட்டர் கோபப்படவில்லை, ஓடிப்போய் ஒரு பின் கொண்டுவந்து மாட்டினார். ஆக பின் இருக்கிறது, கேட்டால்தான் வரும். ஏறுவதற்கு முன் ஒரு சுற்று நின்று பாருங்கள், கொக்கி எல்லாப் பெட்டியிலும் இருக்கிறதா, ஆபரேட்டர் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, இல்லை விசிலை மட்டும் ஊதுகிறாரா என்று. 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவிலேயே ராட்சத ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புத் துறைதான் வந்து இறக்கியது. நிரந்தரமாக நிற்கிற இடத்திலேயே அப்படி என்றால் லாரியில் வந்து லாரியில் போகிற இயந்திரத்துக்கு என்ன உத்தரவாதம்? பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நாங்களும் ஏறினோம். மேலே ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டால் இந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு ஏறினோம், அவ்வளவுதான். இரண்டரை வயசுக்காரன் அம்மாவோடு கீழே நின்று டாட்டா காட்டினான், அவனுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

கொலம்பஸ் பற்றி இன்னொரு சின்ன விஷயம். முதல்முறை ஏறுகிற பிள்ளையை நடு வரிசையில் உட்கார வையுங்கள். ஓரத்து வரிசைதான் உயரமாகப் போகும், வயிற்றைப் பிடுங்குவதும் அங்கேதான், நடுவில் ஆட்டம் குறைவு. பெரியவள் நடுவில் ஒரு முறை போய்விட்டு, இறங்கினதும் "அடுத்து கடைசி சீட்" என்றாள். அண்ணன் மகன் நேராகக் கடைசி சீட்டுக்குப் போய், இறங்கும்போது முகம் வெளுத்து, தண்ணீர் கேட்டான். 'தெரியும் அத்தை' அன்றைக்கு அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வரவில்லை.

சின்னதுகளுக்கென்று இருக்கிற காற்றடைத்த பலூன் மாளிகை, அந்தக் குதிக்கிற சமாச்சாரம், அதுதான் பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைத்து அதில் பிள்ளையைத் தள்ளிவிட்டு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே ஆபத்து பலூனில் இல்லை, கூட இருக்கிற பிள்ளைகளில் இருக்கிறது. பத்து வயசுப் பையன் ஒரு குதி குதித்தால் மூன்று வயசுக் குழந்தை தூக்கி எறியப்படும், கை உடைவது, நெற்றி மோதுவது எல்லாம் இப்படித்தான். பெரியவர்களையும் சின்னவர்களையும் தனித்தனி பேட்ச்சாக விடச் சொன்னேன். "கூட்டமா இருந்தாதான் அக்கா பிள்ளைங்களுக்கு ஜாலி" என்றார் அதை நடத்துகிறவர். கூட்டமாக இருந்தால் அவருக்கும் ஜாலிதான், ஆளுக்கு ஐம்பது ரூபாய். பிறகு வரிசையில் நின்ற அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டதும் பெரிய பையன்களை வெளியே எடுத்தார். காற்று பலமாக அடிக்கும் நாளில் இதில் விடவே விடாதீர்கள், சரியாகக் கட்டியிருக்காவிட்டால் மொத்தமே தூக்கிக்கொண்டு போகும்.

பேய் வீடு. சின்னவன் போகணும் என்றான், பெரியவள் வேண்டாம் என்றாள், இதிலேயே தெரிந்திருக்கும் யார் தயார் யார் தயாரில்லை என்று. என்னைக் கேட்டால் பயம் என்றால் என்ன என்று தெரிந்து 'வேண்டாம்' என்கிற பிள்ளைதான் பாதித் தயார். சின்னவனிடம், உள்ளே யார் இருப்பாங்க என்று கேட்டேன். "பேய்" என்றான். சரி, இந்த வருஷம் இல்லை. 'வேஷம் போட்ட அண்ணன்' என்று எப்போது சொல்கிறானோ அப்போது போகலாம். நல்லவேளையாக பேய் வீட்டுக்குப் பின்பக்கம் அந்த அண்ணனே முகமூடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார், சின்னவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவரும் முகமூடியை இறக்கி ஏற்றி இரண்டு தடவை செய்து காட்டினார். அப்படியும் ராத்திரி பாத்ரூம் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டான் என்பது வேறு விஷயம். உள்ளே போனால் இருட்டு, பாதியில் வெளியே வர வழி கிடையாது, வேஷக்காரர்கள் கையைப் பிடித்தும் இழுக்கிறார்களாம். பாதியில் திரும்ப முடியாத எதற்கும் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

மரணக் கிணறு பார்த்தே தீர வேண்டும் என்று மாமனார் பிடிவாதம். மரப்பலகையில் செங்குத்தாகக் கட்டிய கிணறு, மேலே சுற்றி நின்று எட்டிப் பார்க்க வேண்டும், கீழே இருந்து பைக் சுவரில் ஏறிச் சுற்றும்போது நாம் நிற்கிற தளமே அதிரும். சைலன்ஸர் இல்லாத சத்தம், காதில் விரல் வைத்தாலும் நெஞ்சில் இடிக்கும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது, அந்தக் காதுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே சின்னப் பிள்ளை நுழைகிற அளவு சந்து வேறு. பைக்காரர் ஹெல்மெட் இல்லாமல், கையை விட்டு, பார்வையாளர்கள் நீட்டுகிற பத்து ரூபாய் நோட்டைச் சுவரில் ஓடிக்கொண்டே பறித்துக்கொண்டு போகிறார். சின்னவன் தானும் நோட்டு நீட்டணும் என்று எகிறினான். மாமனார் அவனைத் தோளில் தூக்கப் போனார், வேண்டாம் மாமா என்று நான் சொல்வதற்குள் வீட்டுக்காரர் பிடித்து இறக்கிவிட்டார். பெரியவள் மட்டும் கடைசிவரை சத்தமில்லாமல் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் "அந்த மாமா விழுந்தா யாரும்மா பாத்துப்பாங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி வருகிற வயசில் பார்ப்பதுதான் மரணக் கிணறு. வராத வயசில் பார்த்தால் மறுநாள் சைக்கிளைச் சுவரில் ஏற்றத்தான் தோன்றும்.

இனி தீனி. ராட்டினத்தைவிட இதில்தான் எனக்கு வாய் அதிகம்.

பஞ்சுமிட்டாயில் ஆரம்பிக்கலாம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அப்புறம் தமிழ்நாட்டிலும் ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் தெரிந்து தடை போட்டார்கள், துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. இங்கே கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளையாகக் கண் முன்னாலேயே சுற்றித் தந்தார்கள். இரண்டு வயசு வரை சர்க்கரையே வேண்டாம் என்பது டாக்டர்கள் சொல்வது, இரண்டரை வயசுக்கு ஒரு கிள்ளு கொடுத்தால் உலகம் முழுகாது. நாத்தனார் ஒரு கிள்ளுதான் கொடுத்தாள், மாமனார் மீதியைக் கொடுத்தார்.

ஆனால் பாப்கார்ன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு வயசுக்குள் பாப்கார்னும் முழு வேர்க்கடலையும் கிடையாது. கடைவாய்ப்பல் சரியாக வராத வயசு, அரைக்காமல் விழுங்கும், சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போனால் அவ்வளவுதான். பார்க்க லேசாக இருப்பதால் யாரும் இதைத் தீனிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, குழந்தை அழுதால் முதலில் கையில் திணிப்பதே பாப்கார்ன்தான். 'எங்க பசங்க எல்லாம் சாப்பிட்டு வளர்ந்தவங்கதான்' என்று மாமனார் சொன்னார். மறுக்கவில்லை, அவர் வாங்கிய பொட்டலத்தை வாங்கிப் பெரியவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்மோக் பிஸ்கட் கடை இந்தப் பொருட்காட்சியிலும் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். வாயில் போட்டால் மூக்கு வழியாகப் புகை வரும், பிள்ளைகளுக்கு அது மாயாஜாலம். பிஸ்கட்டைத் திரவ நைட்ரஜனில் முக்கித் தருவதால் வருகிற புகை அது, அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும், மிச்சமிருக்கிற ஒரு சொட்டு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் கர்நாடகாவில் தாவணகெரேயில் ஒரு பொருட்காட்சியில் இதைச் சாப்பிட்டு ஒரு சிறுவன் துடித்த வீடியோ வந்தது, அதற்குப் பிறகு தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை விட்டது: நைட்ரஜன் முழுக்க ஆவியான பிறகுதான் பரிமாற வேண்டும் என்று. முழுக்க ஆவியாகிவிட்டால் புகை எங்கே வரும், புகை இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? அண்ணன் மகன் மல்லுக்கு நின்றான், தன் கிளாஸில் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றான். அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்றேன். இதற்கு வயசே கிடையாது, நாற்பது ஆனாலும் வேண்டாம்.

அவனுடைய அடுத்த ஆசை எனர்ஜி டிரிங்க். இருபது ரூபாய் பாட்டில், ஸ்கூல் வாசலில் எல்லாம் கிடைக்கிறது. பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பார் என்று கொடுத்தேன். குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது, போட்டே ஆக வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அந்த மாதிரி பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். மைதானம் முழுக்கத் தேடி, பிள்ளைகளுக்கு ஆகாது என்று எழுதியிருந்தது இந்த ஒரு பாட்டிலில்தான், அதையும் கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும். "நான் குழந்தையா அத்தை?" என்றான். டிக்கெட் கவுண்டரில் அரை டிக்கெட் வாங்கும்போது நீ வாயைத் திறக்கவே இல்லையே தம்பி என்றார் வீட்டுக்காரர். சிரித்துவிட்டான், கோலி சோடாவோடு முடிந்தது.

டெல்லி அப்பளம் நன்றாக இருந்தது, மொறுமொறு என்று, ஆளை மறைக்கிற அகலம். மேலே தூவுகிற சிவப்புத் தூள் இல்லாமல் கேட்டால் தருகிறார்கள், ஐந்து வயசு தாராளமாகச் சாப்பிடலாம். காலிஃபிளவர் சில்லி வேண்டாம், அந்தச் சிவப்பு மிளகாயால் மட்டும் வந்த சிவப்பாக எனக்குத் தெரியவில்லை. கர்நாடகாவில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் போடக் கூடாது என்று தடையே போட்டார்கள். எண்ணெயின் நிறத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்த அம்மா பிள்ளைகளை ஒன்றுமே செய்ய விட்டிருக்க மாட்டாள் என்று நினைப்பீர்கள். அன்றைக்கு நடந்ததிலேயே எனக்குப் பிடித்தது வேறு. உள்ளே நுழைந்ததும் மாமனார் பெரியவள் கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்து, "இது உன் காசு, என்ன வேணா பண்ணிக்கோ, தீந்தா தாத்தாகிட்ட வராதே" என்றார். ஒன்பது வயசில் அவ்வளவு காசா என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. முதல் நாற்பது ரூபாய் வளையம் எறிகிற கடையில் போனது. கட்டத்தில் சோப்பு, டிபன் பாக்ஸ், சுவர்க்கடிகாரம் எல்லாம் அடுக்கியிருந்தார்கள், வளையம் டிபன் பாக்ஸின் மூலையில் மாட்டி நின்றது, முழுக்க விழுந்தால்தான் பரிசு என்றார் கடைக்காரர். இரண்டாவது நாற்பதுக்கு ஒரு சோப்பு வந்தது. எண்பது ரூபாய்க்கு ஒரு சோப்பு என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, பலூன் சுடுகிற கடை முன்னால் ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். அங்கே ஏர்கன் குண்டு சில சமயம் பலகையில் பட்டுத் தெறிக்கிறது, நான் அவளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன், சுட வேண்டாம் என்று சொல்ல அவசியமே வரவில்லை. கணக்குப் போட்டுவிட்டு அவளே வந்துவிட்டாள். மிச்சக் காசில் கொலம்பஸ் இரண்டாவது ரவுண்டு, தம்பிக்கு ஒரு விசில். அந்த விசிலை மட்டும் தவிர்த்திருக்கலாம். இரண்டு வருஷம் முன்னால் அவளிடம் கொடுத்திருந்தால் அந்த இருநூறும் வளையத்திலேயே போயிருக்கும், அழுதுகொண்டு தாத்தாவிடமே வந்திருப்பாள். கழித்தல் கணக்கும் தோற்றால் அழாமல் இருப்பதும் சேர்ந்து வருகிற சமயம் பார்த்துக் கொடுத்திருக்கிறார், அந்த விஷயத்தில் மாமனாருக்கு என்னைவிடக் கண் கூர்மை.

வெளியே வருகிற வழியில்தான் பொம்மைக் கடைகள், வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். லைட் எரிகிற கொம்பு, சுற்றினால் மின்னுகிற பம்பரம், மின்னும் மோதிரம், எல்லாம் முப்பது ஐம்பது ரூபாய். வாங்கினால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி மூடிக்கு ஒரு ஸ்க்ரூவாவது இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் நகத்தால் தள்ளினாலே மூடி கழன்று பட்டன் பேட்டரி உருண்டு விழுகிறது, நான் கடையில் நின்றே மூன்று பொம்மையில் கழற்றிக் காட்டினேன், கடைக்காரருக்கு என் மேல் நல்ல அபிப்பிராயம் இருக்காது. அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும், விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டும். வீட்டில் மூன்று வயசுக்குள் ஒரு குழந்தை இருந்தால் அண்ணனுக்கோ அக்காவுக்கோகூட அந்தப் பொம்மை வேண்டாம், பொம்மை யாருடையது என்று குழந்தை பார்க்காது. நாத்தனார் பையனுக்கு பேட்டரி இல்லாத காகிதக் காற்றாடி வாங்கினோம், பத்து ரூபாய், பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

கைக்குழந்தையோடு போகலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். போகலாம், ஆனால் சனி ஞாயிறு வேண்டாம், ஐந்து மணிக்கு நுழைந்து ஏழுக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஜெனரேட்டர் புகை வடக்கு ஓரத்தில் தங்குகிறது, தீனிக்கடைகளும் அங்கேதான், அந்தப் பக்கம் குழந்தையோடு நிற்காதீர்கள். பால் கொடுக்கத் தனி அறை கிடையாது, கைத்தறி ஸ்டாலில் இருந்த ஓர் அக்கா புடவை அடுக்குக்குப் பின்னால் இடம் கொடுத்தார் என்று ஒரு பெண் சொன்னாள். கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் எட்டு மணி வரை வருகிறது. மரணக் கிணறு முதல் ஷோ ஏழரைக்குத்தான், அதற்காகக் காத்திருப்பதாக இருந்தால் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சாப்பாடு கொடுத்துக் கூட்டி வாருங்கள், கொலம்பஸில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் இறங்கின பிறகு கொடுங்கள்.